வியாழக்கிழமை வான்கோழி, வெள்ளிக்கிழமைக் குழம்பு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் நெருங்கும்போது சமையலறைகளில் ஒரே வழக்குதான் நடக்கிறது. நன்றி நவிலும் நாள் விருந்துக்கு வான்கோழியை முழுதாகச் சுடுவதா, முதுகைப் பிளந்து விரித்துச் சுடுவதா, கொதிக்கும் எண்ணெயில் இறக்குவதா? வாதாடுகிறவர்கள் எல்லோரும் வியாழக்கிழமை மேசையை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு (ஏறக்குறைய 450 கிராம்) என்று கணக்கிட்டு வாங்கு என்பது பொது விதி. ஆனால் எட்டுப் பேர் வரும் வீட்டிலும் 12 முதல் 14 பவுண்டுப் பறவைதான் வந்து இறங்கும். விருந்து முடிந்த பிறகு பாத்திரம் நிறையக் கறியும் ஒரு பெரிய எலும்புக்கூடும் மிஞ்சும். அடுத்த மூன்று நாட்களுக்கு அதுதான் சாப்பாடு. எந்த முறை நல்லது என்பதை அந்த மூன்று நாட்களையும் சேர்த்துத்தான் நான் தீர்மானிப்பேன்.

முதலில் சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். ஒரே பறவையில் இரண்டு வகைக் கறி இருக்கிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. 74 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாறு வற்றி நார்நாராகிவிடும். தொடைக்கறியில் இணைப்புத் திசு அதிகம். 80 டிகிரியை எட்டினால்தான் மெத்தென்று ஆகும். அமெரிக்க வேளாண்மைத் துறை பாதுகாப்புக்காகச் சொல்லும் குறைந்தபட்ச உள்வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது அதே 74 டிகிரி செல்சியஸ். நெஞ்சு காயாமல் தொடையை எப்படி வேகவைப்பது என்பதே மூன்று முறைகளுக்கும் வைக்கப்படும் தேர்வு.

முழுப் பறவை

இந்தத் தேர்வில் தோற்பது முழுப் பறவைதான். 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 12 முதல் 14 பவுண்டுப் பறவை வேக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெஞ்சு மேலே வெப்பத்தைப் பார்த்தபடி இருக்கும், தொடையோ உடலோடு ஒட்டி ஒளிந்துகொள்ளும். கடைப் பறவையின் நெஞ்சில் செருகி வரும் பிளாஸ்டிக் பொத்தானை நம்பவே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது மேலெழும்பும்போது நெஞ்சு 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, தொடையின் தடித்த பகுதியில் எலும்பில் படாமல் குத்திப் பார்ப்பதே வழி.

அப்படியிருந்தும் இந்த முறை ஏன் சாகவில்லை? பாதிப் பழி ஒரு ஓவியத்தைச் சேரும். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து 1943இல் வெளியான படத்தில், பாட்டி ஒரு பெரிய தட்டில் முழு வான்கோழியை மேசைக்குக் கொண்டுவருகிறார். அந்தக் காட்சி வேண்டும் என்பதற்காகவே நாடு முழுக்க நெஞ்சுக்கறியைக் காயவிடுகிறது. வயிற்றுக்குள் ஸ்டஃபிங் அடைப்பதும் இந்த முறையில்தான் முடியும். பறவையின் சாறு ஊறிய அந்த ரொட்டிக் கலவைக்குத் தனிச் சுவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டஃபிங்கின் நடுப்பகுதியும் 74 டிகிரியை எட்ட வேண்டும். அதற்குள் கறி இன்னும் காய்ந்துவிடும்.

விரித்துச் சுடுவது

என் ஓட்டு இதற்கே. சமையலறைக் கத்தரியால் முதுகெலும்பின் இரு பக்கமும் வெட்டி அதை எடுத்துவிட வேண்டும். பிறகு பறவையைத் திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பு முறியும் ஓசை கேட்கும்வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். விரித்த புத்தகம்போல் தட்டையாகிவிடும். தோல் முழுவதும் மேலே தெரிவதால் எல்லா இடமும் மொறுமொறுப்பாகிறது. தொடைகள் ஓரத்தில் வந்துவிடுவதால் நெஞ்சைவிட அவற்றுக்குச் சூடு கூடுதலாகக் கிடைக்கிறது. 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். கொழுப்பு சொட்டிப் புகைவதைத் தடுக்க, தட்டில் வெங்காயம், கேரட், செலரித் துண்டுகளைப் பரப்பிவிடலாம். கறியின் மேல் ஊற்றும் கிரேவிக்கும் அவை ஆகும்.

உண்மையான லாபம் வெட்டியெடுத்த முதுகெலும்பில் இருக்கிறது. கழுத்து, கல்லீரல் நீங்கலான உள்ளுறுப்புகள் ஆகியவற்றோடு அதை முதல் நாளே கொதிக்கவைத்தால் கிரேவிக்கான எலும்புச்சாறு தயார். குறை என்று பார்த்தால், மேசையில் பறவை அழகாக உட்காராது. பதினாறு பவுண்டைத் தாண்டினால் வீட்டு ஓவன் தட்டிலும் உட்காராது.

எண்ணெயில் பொரிப்பது

தென் மாநிலமான லூசியானாவிலிருந்து பரவிய முறை. கடலை எண்ணெயை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் காய்ச்சி, பவுண்டுக்கு மூன்றரை நிமிடம் என்ற கணக்கில் பொரிப்பார்கள். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சுவையில் குறையே சொல்ல முடியாது. நெஞ்சுக்கறிகூடச் சாறோடு இருக்கும். ஆனால் பறவைக்குள் கொஞ்சம் பனிக்கட்டி மிஞ்சியிருந்தாலும் அது நொடியில் நீராவியாகி எண்ணெயைப் பொங்கவைக்கும். பொங்கிய எண்ணெய் அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் இதைச் செய்துகாட்டி எச்சரிப்பது சும்மா இல்லை. திறந்த வெளியில், வீட்டையும் மரத்தளத்தையும் விட்டுத் தள்ளித்தான் செய்ய வேண்டும். என் குறை வேறு: சுட்ட தட்டில் தேங்கும் சாறு இதில் கிடைக்காது, எனவே கிரேவிக்குத் தனியாக வழி தேட வேண்டும். மறுநாள் அந்த மொறுமொறுத் தோலும் சவசவத்துப்போகும்.

எந்த முறையானாலும் உறைந்த பறவையை ஃபிரிட்ஜில் வைத்து உருக்க, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் வேண்டும்; ஆகவே உப்பு ஊறும் நாட்களையும் சேர்த்து எண்ணி, முன்கூட்டியே ஃப்ரீசரிலிருந்து இறக்கிவிடுங்கள். உப்பு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பறவையை வாளி உப்புநீரில் மூழ்கவைப்பதைவிட உலர்ந்த உப்பைத் தடவி இரண்டு மூன்று நாள் வைப்பது மேல். சான் பிரான்சிஸ்கோவின் ஜூனி கஃபே உணவகத்தின் சமையல் நிபுணர் ஜூடி ராஜர்ஸ் கோழிக்குச் செய்துவந்ததை, 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வான்கோழிக்குக் கொண்டுவந்தது: ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டிக் கல்லுப்பு. உப்புநீரில் ஊறிய கறி தண்ணீரைக் குடித்துச் சப்பென்றாகிறது, கிரேவியும் கரிக்கிறது. ஏற்கெனவே உப்புக்கரைசல் ஏற்றப்பட்ட பறவையா என்று மட்டும் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் உப்பு வேண்டாம்.

மிச்சத்தில் யார் வெல்கிறார்?

வெந்த வான்கோழியை மறுநாள் சூடாக்கினால் அட்டைபோல் ஒரு வாடை வருகிறதல்லவா? கறியிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைவதன் விளைவு அது. வான்கோழியில் இது கொஞ்சம் அதிகம். எனவே மிச்சத்துக்கு இரண்டே நல்ல வழிகள்: குளிராகவே சாப்பிடுவது, அல்லது காரமும் மணமும் உள்ள குழம்பில் கடைசி நேரத்தில் போடுவது.

குளிர்ச்சிக்கு சாண்ட்விச். நெஞ்சுக்கறியை மெல்லியதாக அரிந்து, மயோனைஸ், கிரான்பெர்ரி சாஸ், மிஞ்சிய ஸ்டஃபிங் மூன்றையும் வைத்து மூடினால், பலருக்கு விருந்தைவிட இதுவே பிடிக்கும். எனக்கும்தான். லூயிவில் நகரின் பிரவுன் ஹோட்டலில் 1926இல் பிறந்த ஹாட் பிரவுன் இதன் பணக்கார உறவினர்: ரொட்டி மேல் வான்கோழி, அதன் மேல் சீஸ் சாஸ், பன்றி இறைச்சிப் பட்டைகள். ஒரு தட்டு உண்டால் தூக்கம் நிச்சயம்.

டெட்ராசினி என்ற பாஸ்தா, பாட் பை என்ற மாவு மூடிய பதார்த்தம் போன்ற கிரீம் உணவுகளை நான் கடைசியில் வைப்பேன். பால் சாஸில் மறுபடி வெந்த கறியின் வாடை மறைவதில்லை. மேலே தூவிய சீஸ்தான் மானத்தைக் காப்பாற்றுகிறது.

முதலிடம் லூசியானாவின் கம்போ என்ற கெட்டிக் குழம்புக்கு. எலும்புக்கூட்டைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்து, எண்ணெயில் மாவைச் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறி, வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, ஆண்டூய் என்ற புகையூட்டிய சாசேஜ் சேர்த்து, கறியை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு போடுவார்கள். சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதால் நம் நாக்குக்கு அந்நியமாகவும் இல்லை. அமெரிக்கத் தமிழ் வீடுகளில் பிரியாணி முயற்சி நடப்பதுண்டு. வெந்த நெஞ்சுக்கறி தம்மில் மரத்துப்போகும். தொடைக்கறியை மட்டும் போட்டு, அரிசியை எலும்புச்சாற்றில் வேகவைத்தால் தப்பிக்கலாம். அதைவிடக் கொத்துப் பரோட்டா எளிது. அதே எலும்புச்சாற்றில் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்ட எலும்பு ரசம், கம்போவோடு போட்டிபோடும். பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைக்கும் வான்கோழிக் கறிக்குழம்பில் மட்டும் ஒரு குறை: வெந்ததையே இன்னும் அரை மணி நேரம் கொதிக்கவைப்பார்கள்!

மேசையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கறியை எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நான்கு நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் உறையவைக்க வேண்டும். பெரிய குண்டான் சாறு அப்படியே ஆறக் காத்திருக்கக் கூடாது. அகலமான தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள்.

நான்கே பேர் என்றால் முழுப் பறவையே வேண்டாம். நெஞ்சுத் துண்டு ஒன்று, தொடைகள் இரண்டு தனியாக வாங்கி, அவையவை வெந்ததும் எடுத்துவிடலாம். கம்போவுக்கு எலும்பு இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அதே கடையில் வான்கோழிக் கழுத்தும் இறக்கையும் கேட்டுப் பார்க்கட்டும்; விலையும் குறைவு, சாறும் கெட்டியாக வரும்.