டைவர்ஸ் கோச்சுடன் 13 மாதம்: அந்த ஐம்பதாவது நிமிடம்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து கல்லூரித் தோழி கூப்பிட்டாள். "ஏன்டி, நீ ஒரு கோச் கிட்ட பேசிட்டிருந்தியே, நெஜமாவே ஏதாவது பிரயோஜனம் இருந்துச்சா?" கேட்ட குரலிலேயே, அவளும் பிரியும் யோசனையில் இருக்கிறாள் என்று புரிந்துவிட்டது. மறுநாள் அந்தக் கோச்சிடமிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. நான் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்த அதே 12 அமர்வு இப்போது 11,000 ரூபாயாம். இரண்டும் சேர்ந்து என்னை எழுத உட்கார வைத்துவிட்டன.

டைவர்ஸ் கோச் என்றால், விவாகரத்து நேரத்தில் அடுத்து என்ன செய்வது என்று கூட இருந்து வழிகாட்டுபவர். வக்கீலும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. எனக்கு அமைந்தவர் பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பெண்மணி. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, வீடியோ காலில் 50 நிமிடம். மொத்தம் 22 முறை, 33,000 ரூபாய். காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை. இரவு எட்டு மணிக்கு அம்மா வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவேன். அங்கேதான் சிக்னலும் கிடைக்கும், தெருவுக்கும் கேட்காது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனுப்போட வேண்டும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப்போட்ட பிறகும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒருவர் நினைத்தால் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். நான் ராத்திரியில் கோபமாக அனுப்பும் ஒரே ஒரு செய்தி போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

அங்கேதான் கோச் என்னைக் காப்பாற்றினார். "உங்க வீட்டுக்காரர் என்ன அனுப்பினாலும் அன்னிக்கே பதில் போடாதீங்க. மறுநாள் மூணு வரி. குழந்தை, பணம், தேதி. இதுல ஒண்ணும் இல்லாத வரிய அடிச்சிருங்க" என்றார். என் மாமியாரைப் பற்றி நான் எழுதிய பன்னிரண்டு வரிகளைத் தன் முன்னாலேயே அடிக்க வைத்தார். கடைசியில் மிஞ்சியது, "பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் 10ஆம் தேதிக்குள் கட்டணும்" என்பது மட்டும்தான். ஆறு மாதமும் அப்படியே போனது. ஒரு சண்டையும் வரவில்லை.

மகளிடம் எப்படிச் சொல்வது என்பதையும் நாலு தடவை பேசிப் பார்த்தோம். "அப்பாவும் அம்மாவும் இனி ஒரே வீட்ல இருக்க மாட்டோம். அது உன்னால இல்ல." அவ்வளவுதான் வசனம். சொன்னேன். மகள் அழவில்லை. "அப்போ மாங்கா சீசன்ல தாத்தா தோப்புக்கு யாரோட போறது?" என்று கேட்டாள். பர்கூர் பக்கம் இருக்கிற தோப்பு அது. குழந்தையாக இருந்ததிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் அங்கேதான் இருப்பாள். நாங்கள் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. கோச்சிடம் சொன்னபோது, "இத வக்கீல் கிட்ட சொல்லி ஒப்பந்தத்துல எழுதுங்க" என்றார். எழுதினோம். கோடை விடுமுறையில் பத்து நாள் தாத்தா தோப்பு. நகை, ஜீவனாம்சம், ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு வரி இருக்கிறது. இப்போதும் அந்தக் காகிதத்தை எடுத்தால் என் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லாமல் போனபோது, "இது என்னால சரி பண்ண முடியாது, டாக்டரப் பாருங்க" என்று சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுத்தார். இந்த வேலைக்கு நம் நாட்டில் உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். தன் எல்லை தெரிந்த ஆள் எனக்குக் கிடைத்தார்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது.

ஒன்பதாவது அமர்வில், பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அம்மாவுக்கும் தெரியாது. சொல்லி முடித்து, "என் மேல தப்பு இல்லதானே?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கண் திரையின் ஓரத்துக்குப் போனது. அங்கே மணி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "இந்த வாரம் நாம எதை முடிக்கலாம்?" என்றார். ஐம்பதாவது நிமிடத்தில் கால் முடிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தத் தொட்டிப் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் பதின்மூன்று முறை பேசினேன். யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்வது கோச்சின் வேலை இல்லை, முதல் நாளே சொல்லியிருந்தார். அடுத்த காரியத்தைச் செய்ய வைப்பதுதான் வேலை, அதைச் செய்தார். எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் கேட்டாள். "இல்லம்மா" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

அதனால் தோழிக்கு என் பதில்: 11,000 ரூபாயானாலும் கட்டாதே. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே அப்படிச் சொல்கிறது. தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேள். இல்லையென்றால் 15100க்குப் போன் போடு. கல்யாணப் பத்திரிகை, பேங்க் பாஸ்புக், நகை ரசீது, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் வா. உன் வீட்டுக்காரர் அனுப்பின செய்திகளையும் காட்டு, மூன்று வரியாக்கிவிடலாம். ராத்திரி இங்கேயே தங்கு. நான் மணி பார்க்க மாட்டேன்.