4,200 ரூபாய் லேசர் லெவல் டைல்ஸ் வேலைக்குத் தாங்குமா?

திண்டுக்கல் பக்கம் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறேன். கூட நாலு பேர். ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு வாங்கிய பச்சை லேசர் லெவல் ஒன்று (சுவரில் ஒளிக்கோடு போட்டு மட்டம் காட்டுகிற கருவி), ஒரு வருஷத்துக்கு மேலாக எங்களோடு சைட் சைட்டாகச் சுற்றுகிறது. பெரிய கம்பெனி பெயர் எதுவும் அதில் கிடையாது. இந்த விலைக்கு வாங்கினால் மட்டம் சரியாகக் காட்டுமா என்று கொத்தனார்களும் கார்ப்பெண்டர்களும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டுக்குள் செய்கிற வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டி கைக்கு வந்த அன்றே சோதித்துப் பார்க்கணும். தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முதலில் விற்கிறவர்கள் சொல்கிற '12 கோடு', '16 கோடு' கணக்கைப் பார்த்துவிடலாம். 12 கோடு என்று விற்பதில் இருப்பது மூன்று வட்டங்கள். படுக்கையாக ஒன்று, நெட்டுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் அறையை 360 டிகிரி சுற்றி வருவதால், வட்டத்துக்கு நாலு கோடு என்று எண்ணி 12 ஆக்குகிறார்கள். 16 என்றால் நாலு வட்டம். பெரும்பாலும் தரையை ஒட்டி இன்னொரு படுக்கைக் கோடு கூடுதலாக வரும். தரை டைல்ஸ் போடுகிறவர்களுக்கு அந்தக் கீழ்க் கோடு உண்மையிலேயே உதவும். சுவர் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், கிச்சன் கப்போர்டு என்றால் 12 போதும்.

நாம் காசு கொடுப்பது உள்ளே தொங்குகிற ஊசலுக்கு. லேசர் விளக்குகள் அதன் மேல்தான் இருக்கின்றன. கருவியைக் கொஞ்சம் சாய்வாக வைத்தாலும் ஊசல் தன் எடையில் நேராகத் தொங்கும், அதன் ஆட்டத்தைக் காந்தம் அடக்கும். 3, 4 டிகிரி சாய்வு வரைக்கும் இப்படித் தானாகச் சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் கோடு மினுக்கிக் காட்டும். இதே அமைப்புதான் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிற கருவியிலும் இருக்கிறது. மலிவுக் கருவியில் ஊசலைச் சமன்படுத்திச் சரிபார்க்கிற வேலைதான் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. ஐந்து ஸ்டார் போட்டவருக்கு வந்த பெட்டி வேறு, நமக்கு வருகிற பெட்டி வேறு. அதனால் ஸ்டாரை நம்பி இதை வாங்க முடியாது.

எனக்கு முதலில் வந்த பெட்டியே இதற்கு உதாரணம். 10 மீட்டரில் 3 மி.மீ. வரை பிசகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. பூச்சு முடிந்த ஒரு ஹாலில், எதிரெதிர் சுவர் 5 மீட்டர் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தேன். கருவியை முதல் சுவரை ஒட்டி வைத்து, அதன் முகத்தை அந்தச் சுவர் பக்கமே திருப்பி, படுக்கைக் கோடு விழுகிற இடத்தில் பென்சில் குறி போட்டேன். அப்புறம் முகத்தை எதிர்ச் சுவருக்குத் திருப்பி அங்கே ஒரு குறி. பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரை ஒட்டி வைத்து, அங்கே போட்ட குறியிலேயே கோடு சரியாக விழுகிற மாதிரி உயரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டேன். கடைசியாக முகத்தை முதல் சுவர் பக்கம் திருப்பினால், கோடு பழைய குறியிலேயே வந்து விழ வேண்டும். 7 மி.மீ. தள்ளி விழுந்தது. கருவி போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று பிசகு இரட்டிப்பாகத் தெரிவதால், 5 மீட்டர் அறையில் 3 மி.மீ. வித்தியாசம் வரைதான் அட்டையில் சொன்ன அளவுக்குள் அடங்கும். அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். மாற்றி வந்த பெட்டியில் அதே ஹாலில், அதே சுவர்களில் வித்தியாசம் 2 மி.மீ. இப்போது வேலையில் இருப்பது அதுதான். இரண்டும் ஒரே மாடல், ஒரே விலை.

இந்தச் சோதனையில் எல்லா முறையும் கருவியின் ஒரே முகத்தைத்தான் சுவருக்குக் காட்டணும். கோடுதான் சுற்றிலும் விழுகிறதே என்று திருப்பாமல் விட்டால் பிசகு வெளியே தெரியாது. இன்னொன்று, பச்சைக் கோடே 5 மீட்டரில் 2 மி.மீ. தடிமன் வரும். கோட்டின் மேல் விளிம்பு என்றால் எப்போதும் மேல் விளிம்பிலேயே குறி போடுங்கள்.

அப்புறம் கருவியை இருக்கிற இடத்திலேயே கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பி, நாலு பக்கத்துக் கோடும் சுவரில் ஒரே குறியில் விழுகிறதா பாருங்கள். என்னுடையதில் வலது பக்கம் ஒரு மி.மீ. இறங்கும். அந்த அளவு எங்கள் வேலைக்குப் பரவாயில்லை. நெட்டுக் கோட்டுக்குத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலின் மேலேயே கோடு விழுகிறதா பார்க்கலாம். கருவியை லேசாக இடப்பக்கம் சாய்த்து விடுங்கள், பிறகு வலப்பக்கம். ஒவ்வொரு முறையும் கோடு பழைய இடத்திலேயே வந்து நிற்கணும். ஒரு மி.மீ. இங்கே, இரண்டு மி.மீ. அங்கே என்று மாறி மாறி நின்றால் ஊசல் எங்கோ உரசுகிறது. அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

வேலையில் இது எங்கே காசைத் திருப்பித் தருகிறது என்றால், எனக்கு பாத்ரூம்தான். முன்பு ட்யூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய ட்யூப்பின் இரு முனையிலும் தண்ணீர் நிற்கிற உயரத்தை வைத்து மட்டம் பார்ப்பது) பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசலில், ஒருவர் நஹானி (தரைத் தண்ணீர் வெளியேறுகிற துளை) பக்கம். இப்போது தரைக்கு ஒரு மீட்டர் மேலே லேசர் கோட்டை ஓடவிட்டு, ஒரே ஆள் டேப்பைக் கீழே இறக்கி அளந்துகொண்டே போகிறார். நாங்கள் மீட்டருக்கு 10 மி.மீ. வாட்டம் விடுகிறோம். வாசலில் 1,000 மி.மீ. இருந்தால், 2 மீட்டர் தள்ளியிருக்கிற நஹானியில் 1,020 இருக்கணும். நடுவில் எந்த இடத்திலும் டேப்பை வைத்துச் சரிபார்க்கலாம். தண்ணீர் மூலையில் தேங்குகிறது என்று வீட்டுக்காரர் கூப்பிடுகிற வேலைகள் பெரும்பாலும் இந்த நடு இடங்களைப் பார்க்காமல் விட்டதால் வருபவை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை வாங்கச் சொல்வேன்.

எங்களோடு வேலை பார்க்கும் மூத்த கொத்தனார் ஒருவர், லேசர் கோடு ஓடும்போதும் "தம்பி, ட்யூப்பையும் ஒருவாட்டி பிடிச்சுப் பாத்துருவோம்" என்பார். "சரிண்ணே" என்று பிடிப்பேன். ஹாலிலிருந்து கிச்சன் வரை இரண்டும் ஒரு மி.மீ.க்குள் ஒத்துப்போகும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிய ட்யூப் பொய் சொல்லாது. அவர் கேட்பதை நான் என்றைக்கும் மறுப்பதில்லை.

வெயிலில் இது உதவாது. நம் கண்ணுக்குச் சிவப்பைவிடப் பச்சை நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், அதனால்தான் அறைக்குள் பகலிலும் கோடு பளிச்சென்று இருக்கிறது. மதிய வெயிலில் காம்பவுண்டுச் சுவரில் வைத்தால் கோடே காணாது. 'அவுட்டோர் மோடு' என்று பட்டன் இருக்கும். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிற டிடெக்டர் தனியாக வாங்கணும், அதுவும் இந்தக் கருவிக்குப் பொருந்துகிற டிடெக்டராகப் பார்த்து வாங்கணும். அஸ்திவாரம், வெளித்தரை வேலைக்கு ட்யூப் மட்டமே போதும்.

கூட வந்த ஸ்டாண்டு காற்றுக்கே ஆடுகிறது, அதை ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்கினோம். வாங்கும் முன் திருகு அளவைப் பாருங்கள், கேமரா ஸ்டாண்டின் கால் அங்குலத் திருகு எல்லாக் கருவிக்கும் சேராது. பச்சை லேசர் கரண்ட் அதிகம் குடிக்கும், வேண்டாத கோடுகளை அணைத்து வைத்தால் ஒரு பேட்டரியில் அரைநாளுக்கு மேல் ஓடுகிறது.

ரிமோட்டும் தருகிறார்கள். அதில் அணைத்தால் என் கருவியில் வெளிச்சம் மட்டும்தான் போகும், ஊசல் பூட்டாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படியே பைக்கில் வைத்துக் குண்டும் குழியுமான ரோட்டில் போனால் மட்டம் கெட்டுவிடும். பக்கத்தில் இருக்கிற பூட்டுச் சுவிட்சைத் தள்ளிவிட்டுத்தான் பையில் வைக்கணும். டைல்ஸ் வெட்டுகிற தூசு கண்ணாடியில் படிந்தால் கோடு மங்கித் தடித்துவிடும், மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சைட்டில் குழந்தைகள் இருந்தால் கோடு அவர்கள் கண் உயரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவுக் கருவியில் ஒட்டியிருக்கிற பாதுகாப்பு லேபிளை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

கீழே விழுந்தால் உடனே அந்த இரண்டு சுவர்ச் சோதனை. விழாவிட்டாலும் ஒவ்வொரு புது சைட்டிலும் முதல் வேலை அதுதான், பத்து நிமிஷம் ஆகாது.

தினமும் டைல்ஸ், சீலிங், கப்போர்டு என்று ஓடுகிறவர்கள் வாங்குங்கள், சில வாரத்தில் ஆள் கூலியிலேயே காசு திரும்பிவிடும். தன் ஒரு வீட்டு வேலையைக் கண்காணிப்பதற்காக மட்டும் வாங்க நினைக்கிறவர்களுக்கு இது தேவையில்லை. மேஸ்திரியிடம் லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், டைல்ஸ் இறக்குவதற்கு முன் உங்கள் ஹாலிலேயே அந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.