ரப்பர் புஷ்ஷா, பி.யூ. புஷ்ஷா? புது பார்ட்ஸ் போட்ட பிறகு வரும் சத்தத்தை வைத்து ஓர் அலசல்

காரின் முன்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் (அதன் மூட்டில் இருக்கும் மெத்தை) போய்விட்டது என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றால் இரண்டு வகை எடுத்து வைப்பார்கள். ஒன்று, வண்டியோடு வந்தது போன்ற கறுப்பு ரப்பர். இன்னொன்று சிவப்பிலோ மஞ்சளிலோ பளபளக்கும் பாலியூரித்தேன், பட்டறையில் பி.யூ. புஷ் என்றால் இதுதான். "ரப்பர் கிழியும் சார், இது ஆயுசுக்கும் உழைக்கும்" என்ற பேச்சில் பலர் இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். தினமும் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதம் ஒரு வெளியூர் என்று ஓடும் வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது ரப்பர். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பி.யூ. விலை கூடுதல். வளைவில் வண்டி இறுக்கமாகத் திரும்பும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அலையாது. ரப்பரில் பயணம் மெத்தென்று இருக்கும், சாலையின் அதிர்வு உள்ளே அதிகம் வராது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது கிரீஸ். அது ஏன் என்று புரிய, இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

ரப்பர் புஷ்ஷில் நடுவே ஓர் இரும்புக் குழல், வெளியே ஓர் இரும்பு வளையம். இடையில் இருக்கும் ரப்பர் இரண்டோடும் வல்கனைஸ் செய்து (சூடேற்றிப் பதப்படுத்தி) ஒட்டப்பட்டது. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழல் சப்ஃபிரேமோடு (ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டம்) அசையாமல் நின்றுவிடும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கும். எதுவும் எதன் மீதும் உரசுவதில்லை. அதனால் நல்ல நிலையில் இருக்கும் ரப்பர் புஷ் கீச்சிட வழியில்லை.

பி.யூ. புஷ் பெரும்பாலும் இப்படி ஒட்டப்படுவதில்லை. நடுக்குழல் பாலியூரித்தேனுக்குள் வழுக்கித் திரும்ப வேண்டும். ஆர்ம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அங்கே ஓர் உரசல் இருக்கும். கிரீஸ் படலம் இருக்கும்வரை சத்தம் தெரியாது. படலம் காய்ந்தாலோ கழுவப்பட்டாலோ ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது பழைய மரக்கதவைத் திறப்பது போல "க்ரீஈச்" என்று நீளமாகக் கேட்கும்.

லோயர் ஆர்ம் இருப்பதோ சக்கரத்துக்குப் பக்கத்திலேயே. டயர் வாரியிறைக்கும் தண்ணீரும் மண்ணும் நேராகப் போய் அடிக்கும் இடம் அது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னும் அங்கேதான் நீட்டப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டும் வண்டியில் அந்தக் கிரீஸ் எத்தனை நாள் நிற்கும்? சாலையையும் ஓட்டத்தையும் பொறுத்தது. ஒரு மழைக்காலம் தாண்டியதுமே கத்தத் தொடங்கும் வண்டிகளும் உண்டு.

மறுபடி கிரீஸ் வைப்பது சட்டென்று முடிகிற வேலை இல்லை. பெரும்பாலான செட்டுகளில் கிரீஸ் நிப்பிள் (வெளியிலிருந்து கிரீஸ் ஏற்றும் முனை) கிடையாது. ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, ஆர்மை இறக்கி, நடுக்குழலை வெளியே தள்ளி, பழைய கிரீஸையும் மண்ணையும் துடைத்து, குழலின் வெளிப்பரப்பிலும் புஷ்ஷின் உட்பரப்பிலும் பக்கவாட்டு முகங்களிலும் பூசி, திரும்ப மாட்ட வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். ஒவ்வொரு முறையும் இதே கூலி. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண லித்தியம் கிரீஸைத் தடவிவிட்டால் அது சீக்கிரம் கழுவிக்கொண்டு போய்விடும். பிசுபிசுவென்று ஒட்டும் சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். பி.யூ. வாங்கியே தீருவேன் என்பவர்கள் உட்பரப்பில் கிரீஸ் தேங்கப் பள்ளக்கோடுகள் வெட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வழுவழுவென்று இருக்கும் உட்பரப்பு கிரீஸைச் சீக்கிரமே இழக்கும்.

கடினத்தன்மையும் கணக்கில் வரவேண்டும். கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் சஸ்பென்ஷன் ரப்பர் சுமார் 50 முதல் 70 வரை. சந்தையில் கிடைக்கும் பி.யூ. புஷ்கள் பெரும்பாலும் 80 முதல் 95. நம் ஊரில் அதிகம் ஓடும் சின்ன கார்களில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்) 'எல்' வடிவ லோயர் ஆர்மும் இருக்கும். அந்த ஆர்மின் முன் புஷ்ஷில் போல்ட் படுக்கையாகப் போகும். பின் புஷ் சில மாடல்களில் செங்குத்தாக நிற்கும். அப்படி நிற்கும் புஷ் ஆர்ம் ஆடும்போது திரும்புவதை விட அதிகமாகச் சாய்கிறது. அதில் வேண்டுமென்றே விட்டிருக்கும் இடைவெளிகள் பள்ளத்தில் சக்கரம் சற்றே பின்வாங்க இடம் கொடுக்கும். அங்கே திடமான பி.யூ. போட்டால் சாய இடமில்லாமல் நெரியும். நெரியும்போது கிரீச், பள்ளத்தில் விழும்போது சப்ஃபிரேம் வழியாக உள்ளே "தட்". எத்தனை கிரீஸ் வைத்தாலும் இந்த இரண்டாவது சத்தம் போகாது.

ஆனால் வந்த சத்தத்துக்கெல்லாம் புஷ்ஷையே குற்றவாளியாக்குவதும் சரியல்ல. புஷ் மாற்றும் கையோடு லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் என்று வேறு நாலு சாமான்களும் மாற்றியிருப்பார்கள். இன்ன சத்தம் இன்னதில் இருந்து வருகிறது என்று பிரித்த பிறகே கழற்ற வேண்டும்.

கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது "டக டக டக" என்று தொடர்ந்து தட்டினால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் முனையில் மாட்டும் லிங்க் ராடு. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, ஸ்டெபிலைசர் பார் எதிலும் இடிக்காமல் கம்பியால் கட்டி, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் போனால் லிங்க் அல்லது பார் புஷ். வளைவில் வண்டி அதிகம் சாயும், வேகம் வேண்டாம். கழற்றும்போது இரண்டு முன்சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே தூக்கியிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொள்ளும், போல்ட் வராது. புது லிங்க்கே தட்டுகிறது என்றால் மாட்டிய விதத்தைப் பாருங்கள். நடுவில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கொடுத்துப் பிடிக்காமல் இம்பாக்ட் கன்னை வைத்து நட்டைச் சுழற்றினால் லிங்க்கின் உருண்டை முனையும் சேர்ந்து சுற்றும், ரப்பர் உறை முறுக்கிக் கிழியும், சில மாதங்களில் லிங்க் மறுபடி லொடலொடக்கும். பார் புஷ்ஷின் உள்விட்டமும் பொருந்த வேண்டும். பாரை வெர்னியரில் அளந்தால் 22 மி.மீ. இருக்கிறது, போட்டிருப்பது 24 மி.மீ. புஷ் என்றால் தட்டாமல் என்ன செய்யும்?

வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று கம்பி துள்ளினால் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் ஸ்ட்ரட் பேரிங், அல்லது ஸ்பிரிங்கின் முனை அடித்தட்டின் படியில் சரியாக உட்காரவில்லை. ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்புறத்தில் விரலை லேசாக வைத்தால் அது தேங்கித் தேங்கித் துள்ளுவது கையிலேயே தெரியும். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் ஒரே ஒரு "டொக்" என்றால் லோயர் ஆர்மின் பின் புஷ், அல்லது இறுக்காமல் விட்ட போல்ட். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு நகரும்போது வரும் "கட கட" சத்தம் ஆக்சில் ஜாயின்ட்டுடையது, சஸ்பென்ஷனோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கிரீச் சத்தத்தைப் பிரிக்க எளிய வழி தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒரு நேரத்தில் ஒரு புஷ்ஷை மட்டும் நனைத்து, பானெட்டை அழுத்தி அழுத்தி விடுங்கள். எதை நனைத்ததும் சத்தம் மாறுகிறதோ அதுதான் இடம். மொத்தமாக எல்லாவற்றிலும் அடித்தால் எதில் நின்றது என்றே தெரியாது. துரு எடுக்கும் ஸ்ப்ரேயை மட்டும் ரப்பரில் அடிக்காதீர்கள், அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும்.

ரப்பரைப் பரிந்துரைத்துவிட்டு அதன் குறையை மறைக்கக் கூடாது. புது ரப்பர் புஷ் போட்டும் முனகுகிறது, சீக்கிரமே கிழிந்துவிட்டது என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் ஒரே தவறுதான் நடந்திருக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே படுக்கை போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கியிருப்பார்கள். ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் நடுக்குழல் பூட்டிக்கொள்கிறது. வண்டியை இறக்கியதும் ரப்பர் பல டிகிரி முறுக்கியபடியே நிற்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அந்த முறுக்கு விடுவதில்லை.

சரியான முறை இது. வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 370 மி.மீ. புது புஷ் போட்ட ஆர்மை மாட்டி, போல்ட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அதே 370 மி.மீ. வரும்வரை தூக்குங்கள். பாடி ஸ்டாண்டின் மேல் பத்திரமாக நிற்க வேண்டும். அந்த நிலையில் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நாலு தூண் லிஃப்ட் உள்ள பட்டறையில் வண்டி சக்கரத்தின் மேலேயே நிற்பதால் இந்த அளவெடுப்பு தேவையில்லை. இந்த விஷயத்தில் பி.யூ.வுக்கு ஒரு நியாயம் உண்டு: ஒட்டாத புஷ் என்பதால் எந்த நிலையில் இறுக்கினாலும் அது முறுக்கிக்கொள்ளாது.

பி.யூ.வை விட மனமில்லாதவர்களுக்கு ஸ்டெபிலைசர் பார் புஷ் நல்ல இடம். பெரும்பாலும் ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட்தான், கத்தினால் ஆர்மை இறக்காமல் கிரீஸ் வைக்கலாம். சில மாடல்களில் சப்ஃபிரேமைத் தாழ்த்தாமல் கைபோகாது, அங்கே இந்த வசதியும் இல்லை. நான் சொல்வதெல்லாம் சாலையில் ஓடும் முன்சக்கர இழுவை வண்டிகளை வைத்து. டிராக்குக்கே போகும் வண்டிக்குக் கணக்கு வேறு.

ரப்பரில் புஷ் மட்டும் வாங்குவதா, முழு ஆர்மா? பால் ஜாயின்ட்டும் ஆர்மோடு சேர்ந்து வரும் மாடல் என்றால், ஓட்டம் அதிகமான வண்டிக்கு முழு ஆர்மே மேல். புஷ் மட்டும் என்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளி வளையம் கோணும், போகப் போக ஆர்முக்குள் அது நகர்ந்து "டொக்" போடும். இடைவெளி உள்ள பின் புஷ்ஷில் திசைக்குறி இருக்கும். பழையதைத் தள்ளும் முன் அது எந்தத் திசை பார்த்திருந்தது என்று ஆர்மின் மேல் பெயின்ட்டில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டு, அலைன்மென்ட் பார்த்து ஓட்டுங்கள். 500 கி.மீ. கழித்து அடியில் குனிந்து பார்த்தால் கோடு நேராக இருக்க வேண்டும். விலகியிருந்தால் அதே நட்டை மறுபடி இறுக்கி விடாமல், புது லாக் நட் போட்டு, பழையபடி வண்டி நிற்கும் உயரத்தில் வைத்தே இறுக்குங்கள்.