யானைமலை மறுபதிப்பு: படம் நன்று, தாள் சரியில்லை

மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரைப் பகுதியில் எடுத்த யானைமலைப் படத்தின் மறுபதிப்பை ஓர் அச்சகத்தில் சொல்லி வரவழைத்தேன். உருளையில் சுற்றி, ஒரு மடிப்பும் விழாமல் வந்து சேர்ந்தது. முதல் குறை தாளில்தான்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அன்று பரவலாகிவந்த ஈரக் கண்ணாடித் தகட்டை, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து நெடும்பயணத்துக்கு எடுத்துச் செல்லலாம். அந்த நெகட்டிவை ஒளி உணரும் தாளின்மேல் ஒட்டினாற்போல் வைத்து வெயிலில் காட்டி அச்செடுக்கும்போது, ஒளி காகித நார்களின் ஊடே செல்வதால், மலையின் வழவழப்பான முதுகிலும் ஒரு மெல்லிய சொரசொரப்பு படிகிறது. என் கைக்கு வந்ததோ பளபளப்புத் தாள். சன்னலோரம் வைத்தால் கம்பிகளின் நிழலுருதான் மலைமேல் தெரிகிறது. கணினியில் கூர்மையேற்றியதில் நார்களின் தடமும் போய்விட்டது. வானத்தையும் துடைத்துச் சமமாக்கியிருக்கிறார்கள். அக்கால ரசாயனம் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் வானம் வெளிறிப்போகும் என்பதற்காக, நெகட்டிவிலேயே தூரிகையால் திருத்தும் வழக்கம் ட்ரைப்புக்கு உண்டு. அங்கே தெரியும் சிறு கறையைக்கூட அழிக்க அச்சகத்தார் தயங்கியிருக்க வேண்டாமா?

உடன் வந்த குறிப்பு, ‘பழைய மதுரையின் எழில்’ என்பதோடு நின்றுவிடுகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம். ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். வடக்கில் கிளர்ச்சி அடங்காத 1857 டிசம்பரில் அவர் புறப்பட்ட அரசுப் பயணத்தில் ராயக்கோட்டை மலைக்கோட்டையும் படமானது. அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையும் மேலே சமணச் சிற்பங்களும் கொண்ட மலை, ‘எலிஃபன்ட் ராக்’ என்ற பெயரில் அரசாங்கத் தொகுப்புக்குள் போனது. 1859இல் மதராஸ் ஆளுநர் ட்ரெவெல்யன் இந்தப் படமெடுக்கும் பணியை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். இவ்வளவையும் பத்து வரியில் அச்சிட்டிருக்கலாம்.

முறையிட்டதும் அச்சகத்தார் மரியாதையாகவே பதில் எழுதி, கூடுதல் கட்டணத்துக்குப் பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அச்சிட்டுத் தர ஒப்புக்கொண்டார்கள். வாங்க நினைப்பவர்கள் அந்தத் தாளையே முதலில் கேளுங்கள்; கூர்மையேற்ற வேண்டாம், வானத்தைத் தொட வேண்டாம் என்பதையும் பணம் கட்டும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.