கேட்கான் இல்லாமல் ஓட்டிய 27 மாதங்கள்

என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார், புகை விதியில் பாரத் ஸ்டேஜ் 4 வகை. ஊர் சேலம். 2022 டிசம்பரில் பட்டறையில் கேட்கானை, அதாவது என்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை, வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் புதிதாக ஒன்றை மாட்டினேன். நடுவில் ஓடியது 24,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். "எடுத்துடுங்க, வண்டி பறக்கும்" என்று மெக்கானிக் சொல்லி யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வண்டி இழுக்காமல் போனதுதான் ஆரம்பம். ஏற்காடு ஏறும்போது நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் இரண்டாவது கியரிலேயே திணறியது. சமதளத்தில் 60-ஐத் தாண்டவில்லை. காலுக்கடியில் தரை சுட்டது. லிஃப்டில் ஏற்றி மெக்கானிக் கேட்கானைத் தட்டினார். உடைந்த ஓட்டுச்சில்லு மாதிரி உள்ளே கலகலத்தது. வெட்டித் திறந்தபோது, தேன்கூடு போல் இருக்க வேண்டிய பீங்கான் ஒரு பக்கம் உருகி, கறுத்த கண்ணாடிக் கட்டியாக இறுகிக் கிடந்தது. அதற்குமுன் பல வாரங்களாக பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று சரியில்லாமல் மிஸ்ஃபயர் ஆகிக்கொண்டிருந்தது. எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் போய் எரிந்ததில் வந்த சூடு அது. கம்பெனி பாகம் 52,000 ரூபாய் என்றார்கள். குழாய் வைக்க 1,800. அந்த மாதம் மகளுடைய பள்ளிக் கட்டணமும் சேர்ந்து நின்றது. சரி, குழாயே போதும் என்றேன்.

முதல் வாரம் வண்டி உண்மையிலேயே பறந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆனால் அந்தப் பிக்கப், அடைப்பு போனதால் வந்தது. கேட்கான் போனதால் அல்ல. இப்போது புதிய கேட்கானோடும் அதே இழுவைதான் இருக்கிறது. மைலேஜும் அப்படித்தான். அடைப்பதற்கு முன் நெடுஞ்சாலையில் 17, ஊருக்குள் 13. குழாயோடும் அதே, இன்றும் அதே. குழாய் வைத்தால் மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சத்தத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கேட்கான் ஓரளவு சத்தத்தையும் அமுக்கும் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது கியரில் 80-ஐ நெருங்கும்போது தரையிலிருந்து ஒரே சுதியில் ஒரு முழக்கம் கிளம்பும். உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னை போய்ச் சேர்வதற்குள் தலை வலிக்கும். பின் சீட்டில் தூங்கும் பழக்கமுள்ள மகள் அந்த இரண்டு வருடமும் தூங்கவில்லை.

வாடைதான் பெரிய விஷயம். அரைகுறையாக எரிந்த பெட்ரோலின் காரமான நெடி. சிக்னலில் காற்று பின்னாலிருந்து அடித்தால் உள்ளே வந்துவிடும். ஏ.சி.யை உள்காற்றுக்கு மாற்றித்தான் ஊருக்குள் ஓட்டினேன். டிக்கியைத் திறந்து காய்கறிப் பையை எடுக்கும் நேரத்துக்குள் சட்டையில் ஏறும். வீட்டுக்குள் வந்ததும் மனைவி கண்டுபிடித்துவிடுவார். நாம் முகர்வது பெரும்பாலும் எரியாமல் மிஞ்சிய ஹைட்ரோகார்பனைத்தான். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கேட்கானில் மெல்லிய பூச்சாக இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்தான் இவற்றைக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெறும் நைட்ரஜனாக்கி அனுப்புகின்றன. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியபோது, ஈயம் கலக்காத பெட்ரோலையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். ஈயம் அந்தப் பூச்சின்மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்துவிடும். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஒன்றை நான் 1,800 ரூபாய்க்கு வெட்டி எறிந்திருக்கிறேன்.

எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் தரைத்தளத்தில், கூரை தாழ்வு. அப்பாவுக்கு வீசிங் உண்டு. காலையில் அங்கே தூணோரம் உள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் பேப்பர் படிப்பார். குழாய் வைத்த சில நாளில், "ஏம்ப்பா, வண்டியில பெட்ரோல் ஒழுகுதா பாரு" என்றார். ஒழுகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. நான் சாவியோடு படியிறங்குவதைப் பார்த்ததும் பேப்பரை மடித்து, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நிற்பார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியில் அது தெரியும். இரண்டு வருடத்துக்குமேல் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வேதனையாக இருக்கிறது.

இன்னொரு இழப்பு, என்ஜின் லைட். மூன்றாம் நாளே எரிந்தது. ஸ்கேனரில் பி0420, அதாவது கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு. கேட்கானுக்குப் பின்னால் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு ஸ்பேசர் என்ற இடைத்துண்டு போட்டு ஏமாற்றலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். லைட் எரிந்தபடியே கிடந்தது, எனக்கும் பழகிவிட்டது. 2023 மழைக்காலத்தில் இன்னொரு காயில் போனபோது, அந்த விளக்கு எனக்கு எதையும் சொல்லவில்லை, அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதானே இருக்கிறது. மைலேஜ் 11-க்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் நவம்பரில் புகைச் சான்று முடிந்தது. பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் காருக்கு, ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரை இருக்கலாம். காயிலை மாற்றிய பிறகும் என் வண்டி காட்டியது 0.74, 281. தேறவில்லை. அப்புறம் ஒருவர் சொன்ன வேறு இடத்தில், சோதனைக் கருவியின் குழாயைச் சைலன்சருக்குள் விடாமலே சான்று கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். மறு வருடமும் அப்படியே. தப்புதான், மறைக்க விரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் சேர்த்து எழுதியிருக்கிறது.

2025 மார்ச்சில் வெளிச்சந்தைக் கேட்கான் ஒன்றைக் கூலியோடு 14,500 ரூபாய்க்கு மாட்டினேன். இது கிடைக்கும் என்று முதலிலேயே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாட்டுவதற்கு முன் மீதிக் காயில்கள், பிளக்குகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் உருகும். உங்களுடையதைக் கழற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; உள்ளே இருக்கும் உலோகத்துக்காகப் பழைய சாமான் கடையில் நல்ல விலை உண்டு. என்னுடையது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

முறையாகச் சோதித்ததில் 0.04, 23. லைட் அணைந்தது, முழக்கம் போனது. அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கேட்கான் 250, 300 டிகிரிக்குச் சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யத் தொடங்கும். ஆறிக் கிடந்த வண்டியில் முதல் ஓரிரு நிமிடம் இப்போதும் லேசாக வாடை வரும். அதனால் முன்புபோல் ஸ்டார்ட் செய்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டியை வெளியே எடுத்துவிடுகிறேன்.