டோக்கனா, அனுபவப் புள்ளியா?

2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ வீடியோ விளையாட்டில் காசு என்றால் டோக்கன்தான். அதில் ஒரு வகைக்கு, நியூயார்க் நகரெங்கும் வலையால் ஒட்டிவைத்த 55 பைகளைத் தேடி எடுக்க வேண்டும். திறந்ததும் உள்ளே இருக்கும் பழைய பொருளைப் பற்றிப் பீட்டர் (அதாவது ஸ்பைடர்மேன்) நாலு வார்த்தை பேசுவான். அதைக் கேட்கவே வழியை மாற்றிக்கொண்டு போவேன். ஆனால் டோக்கனில் பல வகை. குற்றங்களைத் தடுத்தால் கிடைக்கும் குற்ற டோக்கன் குவிந்து கிடக்கும். வாங்க ஆசைப்பட்ட சூட்டோ (ஸ்பைடர்மேன் உடை) வேறு வகையைக் கேட்கும்.

2011-இல் வந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி’யில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் அனுபவப் புள்ளிதான். அடி வாங்காமல், விதவிதமாகச் சண்டை போட்டால் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு படி ஏறினால் ஒரு மேம்பாடு. முதலில் கவசத்தைப் பலப்படுத்துங்கள், அப்புறம் மற்ற கருவிகள். கைத்திறனுக்கே கூலி கிடைப்பதால் எனக்குப் பேட்மேன் முறைதான் பிடிக்கும். ஊர் சுற்ற ஆசை என்றால், சரி, ஸ்பைடர்மேன்.