பழைய ரோடு பைக்குக்கு காம்பாக்ட் கிராங்க் மாற்றப் போகிறீர்களா? பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு காசைக் கொடுங்கள்

கம்பம், கூடலூர், குமுளி, போடி பக்கம் ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். மலை ஏறுவதற்காகப் பழைய பைக்கில் காம்பாக்ட் கிராங்க் போடலாம் என்று யோசிப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பெடல் கைகளும் முன் பல்வளையங்களும் சேர்ந்ததுதான் கிராங்க்; அந்த வளையங்களில் பல் குறைந்தது காம்பாக்ட், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும். எனக்கு 7,800 ரூபாய் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், என் மாமாவின் கிராங்க் போய்விட்டது.

பைக் என் தாய்மாமாவுடையது. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது வாங்கி, 1997-ல் ஊருக்குத் திரும்பும்போது கூடவே கொண்டுவந்தார். ஜப்பான் குரோமோலி ஸ்டீல் பிரேம், பின்னால் ஏழு பல்சக்கரம், முன்னால் ஷிமானோ 105 கிராங்க், 52/42, அதாவது பெரிய வளையத்தில் 52 பல், சின்னதில் 42. அங்கே கடலோர ரோட்டில் சமதரையில் ஓட்டியவருக்கு அது பொருத்தம். இங்கே கதை வேறு. கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பறந்துகொண்டு போகலாம். பவர் ஹவுஸ் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் 42 பல் முட்டியைப் பிடித்து இழுக்கும். மாமா போய் நாலு வருஷம் ஆகிறது. பைக் சும்மா நிற்கக் கூடாது என்றுதான் ஓட்டுகிறேன். எனக்கு வயது 46, முட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் காம்பாக்ட் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பின்னால் என் பெரிய பல் 23. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 42/23-ல் வண்டி மணிக்கு 14 கிலோமீட்டர் போகும். ஏற்றத்தில் அந்த வேகம் என் உடம்பில் இல்லை, அதனால் மிதி நிமிடத்துக்கு நாற்பதுக்கு இறங்கிவிடுகிறது, முழு எடையும் முட்டியில் விழுகிறது. முன்னால் 34 இருந்தால் அதே 60 சுற்றுக்கு 11 கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டர் வித்தியாசம்தான் இரைச்சல் பாலத்தில் இறங்கித் தள்ளுவதா, குமுளி வரை உட்கார்ந்தே போவதா என்பதை முடிவு செய்கிறது. காம்பாக்ட் என்றால் வழக்கமாக 50/34. இந்த இரண்டு எண்ணும் சேர்ந்ததுதான் நான் கேட்ட காம்பாக்ட். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளாப் பக்கம் பெரிய ஊர் ஒன்றில் இருக்கும் கடை அது. பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. வேலை விஷயமாக அந்த ஊருக்குப் போனபோது பைக்கையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க கார்பன் பைக்குகள். கவுன்டரில் இருந்தவர் என் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காம்பாக்ட் வேணும். 34 பல். இதுக்கு செட் ஆகுமா?"

"ஒரு குழப்பமும் இல்ல சேட்டா. எல்லா வண்டிக்கும் செட் ஆகும். ரெண்டு மணிக்கூர் கழிச்சு வா."

அவர் எதையும் அளக்கவில்லை. பி.பி. (கிராங்க் அச்சு சுழலும் பேரிங் செட்) கப் எந்த மரை, அச்சு எவ்வளவு நீளம், செயினைப் பல் மாற்றும் பின் டெரெய்லர் எவ்வளவு செயினை இழுத்துப் பிடிக்கும், ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே நான் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் போனபோது கறுப்பு கிராங்க் பளபளவென்று மாட்டியிருந்தது. பில்லில் 'செயின்வீல் செட் 1, பி.பி. 1, லேபர்' என்று மட்டும் இருந்தது. பழைய கிராங்க் எங்கே என்றேன். "அது ஸ்கிராப் ஆயிப்போச்சு சேட்டா, பின்னாடி கிடக்கு, அப்புறம் எடுத்து வைக்கறேன்" என்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பைக்கை மட்டும் தெரிந்தவர் வேனில் கம்பத்துக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை குமுளி ஏறினேன். ஏற்றம் கொஞ்சம் லேசானது மாதிரி இருந்தது, ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. வயதாகிவிட்டது, உடம்பு இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். வீட்டில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள், செய்தும் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பொருளில் பொய் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வகை ஏமாற்றில் மோசமான விஷயம் இதுதான். சட்டை அளவு தப்பென்றால் போட்டதும் தெரிந்துவிடும். பல் எண்ணிக்கை தப்பென்றால் நம் காலைத்தான் குற்றம் சொல்வோம்.

மூன்றாவது ஞாயிறு மாதா கோயில் வளைவு தாண்டியதும் இடது பக்கம் 'டக்... டக்...' என்று சத்தம். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். இறங்கி இடது கிராங்கைப் பிடித்து ஆட்டினால் கையோடு ஆடுகிறது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போக, ஓரமாகத் தள்ளிக்கொண்டே குமுளி போய்ச் சேர்ந்தேன்.

செக்போஸ்ட் பக்கம் நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் வண்டிப்பெரியாறு நண்பர் ஒருவர் இருந்தார். மலையாளி, இருபது வருஷமாக இந்த மலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர். கிராங்க் ஆடுவதைப் பார்க்கக் குனிந்தவர், வலது பக்கம் போய் நின்றுவிட்டார்.

"இது முப்பத்திநாலு அல்லல்லோ சேட்டா."

டீக்கடை பேனாவை வாங்கி ஒரு பல்லில் புள்ளி வைத்தோம். கிராங்கைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே அவர் எண்ணினார். பிறகு நான் எண்ணினேன். இரண்டு பேருக்கும் ஒரே எண், 39. பெரிய வளையம் மட்டும் உண்மையாகவே 50. வழக்கமாக வளையத்தில் பல் எண்ணிக்கை குத்தியிருக்கும், பெரும்பாலும் உள்பக்கம். 50-ல் அது தெளிவாக இருந்தது. சின்ன வளையத்தில் அந்த இடத்தை அரத்தால் தேய்த்திருந்தார்கள். விரலை வைத்தால் சொரசொரப்பு தட்டியது, பெயிண்ட் போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. தெரியாமல் நடந்த தவறாக இருக்குமோ என்ற எண்ணம் அந்தச் சொரசொரப்பைத் தொட்டதோடு போய்விட்டது.

நண்பர் பையிலிருந்து அடிஸ்கேல் எடுத்து, பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தார். 76 மில்லிமீட்டரைவிட ஒரு மயிரிழை அதிகம். வளையத்தைத் தாங்க ஐந்து கை உள்ள கிராங்கில் அப்படி வந்தால் போல்ட் வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 130. அந்த வட்டத்தில் 38 பல்லுக்குக் கீழே வளையமே உட்காராது. உண்மையான ஐந்து கை காம்பாக்ட் 110 பி.சி.டி., பக்கத்து போல்ட் தூரம் 65 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, எனக்கு மாட்டிய கிராங்கில் 34 போடவே முடியாது. சாதாரண கிராங்கில் 50 வளையத்தை மாட்டி காம்பாக்ட் என்று விற்றிருக்கிறார்கள். நான் காசு கொடுத்தது 14 கிலோமீட்டரை 11 ஆக்க, கிடைத்தது 13.

எனக்கு நெஞ்சு எரிந்தது இதற்குப் பிறகுதான். மாமாவின் 105 கிராங்கும் 130 பி.சி.டி.தான். அதில் 42-ஐக் கழற்றி ஒரு 39 வளையம் போட்டிருந்தால் இதே பலன் கிடைத்திருக்கும். வளையத்துக்கு மட்டும் செலவு செய்திருந்தால் போதும், கிராங்க் என்னிடமே இருந்திருக்கும்.

அன்றைக்கு இறக்கத்தில் ஓட்டவில்லை. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டாடா ஏஸில் பைக்கைப் போட்டுக் கம்பம் வந்தேன். எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணன் காட்டர் பின் (கிராங்கை அச்சில் பிடித்து வைக்கும் பழைய ஆணி) காலத்து ஆள், ரோடு பைக் அதிகம் பார்த்தவரில்லை. ஆனால் கழற்றிப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "தம்பி, போல்ட்ட சும்மா கைக்கணக்குல முடுக்கிருக்காய்ங்க. அச்சு இரும்பு, கிராங்கு அலுமினியம். லூசா ஓட்டுனா அச்சு கிராங்கத் தின்னுரும்." சதுர ஓட்டையின் மூலைகள் உருண்டுபோயிருந்தன. அப்படி உருண்டுவிட்டால் எவ்வளவு முடுக்கினாலும் அந்தக் கை மறுபடியும் கழன்றுதான் போகும். சதுர அச்சு கிராங்க் போல்ட்டை 35, 40 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சில் (முடுக்கும் பலத்தை அளவு காட்டும் ஸ்பானர்) முடுக்க வேண்டும், நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். இறக்கத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது அந்தக் கை கழன்றிருந்தால், கொண்டை ஊசி வளைவில் நான் எங்கே போய் விழுந்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அது 7,800 ரூபாய் விஷயம் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் "கொண்டு வாங்க பார்க்கலாம்" என்றார்கள். கொண்டுபோனேன். "நீங்க ஓட்டுன விதம் சரியில்ல, மாட்டின சாமான் ரிட்டர்ன் எடுக்கறதில்ல" என்றார்கள். 39 பல்லை எண்ணிக் காட்டினேன். "50 போட்டா காம்பாக்ட்தான், பில்லுல 34-ன்னு எங்க இருக்கு?" என்று கேட்டார் அதே மனிதர். பில்லில் இல்லைதான். எழுதாமல் விட்டதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. பழைய கிராங்க் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்று ஒரே பதில். இதைக் கேரளாக்காரர், தமிழ்நாட்டுக்காரர் என்று யாரும் பிரித்துப் பேச வேண்டாம். ஏமாற்றியதும் அந்தப் பக்கத்து ஆள், கண்டுபிடித்துக் கொடுத்ததும் அந்தப் பக்கத்து ஆள்.

இப்போது பைக் சரியாக ஓடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து 110 பி.சி.டி., 50/34, சதுர அச்சு கிராங்க் ஒன்றை வரவழைத்தேன். இந்தத் தடவை வாங்குவதற்கு முன் பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். பிரேமில் பி.பி. உட்காரும் குழாயின் அகலத்தை அளந்தேன், 68 மில்லிமீட்டர். ஜப்பான் பைக்குகளில் பெரும்பாலும் இங்கிலீஷ் மரைதான், அதில் வலது பக்கக் கப் இடமரை. தெரியாத ஆள் ஸ்பானரில் குழாய் மாட்டி வழக்கமான திசையில் பலமாகத் திருகினால் பிரேம் மரையே போய்விடும். இத்தாலி பிரேம் என்றால் 70 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் வலமரை. பழைய பிரெஞ்சு பைக் வைத்திருப்பவர்கள் மரையைத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் வாங்கவே வேண்டாம், அது தனி அளவு.

அடுத்தது அச்சு. ஷிமானோவும் பெரும்பாலான ஜப்பான், தைவான் கிராங்குகளும் ஜே.ஐ.எஸ். வகை, பழைய காம்பக்னோலோ ஐ.எஸ்.ஓ. வகை. இரண்டும் பார்க்க ஒரே சதுரம்தான், நுனிப் பருமன் வேறு. மாற்றிப் போட்டால் கிராங்க் நாலைந்து மில்லிமீட்டர் வெளியே நிற்கும், இல்லையென்றால் அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். அச்சு நீளமும் பழைய கிராங்குக்கு இருந்ததே போதும் என்று நினைக்கக் கூடாது. புதுக் கிராங்குக்குக் கம்பெனி சொல்லும் நீளத்தையே வாங்க வேண்டும். எனக்கு 110 மில்லிமீட்டர் வந்தது. சீட் டியூப் நடுவிலிருந்து இரண்டு வளையங்களின் நடு வரை அளந்தால் 43.5 மில்லிமீட்டர் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் செயின் நேராக ஓடும்.

பின் டெரெய்லரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முன் வளையங்களின் வித்தியாசம் 16, பின்னால் 13-23 என்றால் வித்தியாசம் 10, மொத்தம் 26; அவ்வளவு பல்லுக்கான செயின் தளர்வை டெரெய்லர் இழுத்துப் பிடிக்க வேண்டும். பழைய குட்டைக் கூண்டு டெரெய்லர்கள் பலவற்றின் எல்லை அங்கேதான் இருக்கிறது. நான் பின்னாலும் 26 பல் போட்டேன், மொத்தம் 29 ஆகிவிட்டது. அதனால் சின்ன வளையத்தில் இருக்கும்போது பின்னால் கடைசி இரண்டு சின்னப் பல்லுக்குப் போகமாட்டேன், போனால் செயின் தொங்கும். முன் டெரெய்லரைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். கூண்டுக்கும் 50 வளையத்துக்கும் நடுவே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். புதிய ஷிமானோ நாலு கை கிராங்குகளுக்கு அடிஸ்கேல் கணக்கு உதவாது, 50/34-ம் 53/39-ம் ஒரே போல்ட் வட்டத்தில் உட்காரும். அங்கே பல்லை எண்ணியே ஆக வேண்டும்.

பில்லில் கம்பெனி, மாடல் எண், 50/34, கிராங்க் நீளம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். பழைய சாமானைக் கண்முன்னால் பையில் வாங்கிக்கொண்ட பிறகே காசு கொடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு ஒரு நல்ல விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கும் மாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. பதில் வராவிட்டால் தேனியில் வழக்குப் போடுவேன். அரம் போட்ட வளையம், உருண்ட கிராங்க் கை, பில், போன் பேசிய தேதிகள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். ஷிமானோ 105, ஐந்து கை, வெள்ளி நிறம், 52/42, 170 மில்லிமீட்டர் கிராங்க் பழைய சாமான் விற்கும் இடத்திலோ, யாருடைய பைக்கிலோ கண்ணில் பட்டால் இடது கையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாமா ஊசியால் கீறிய 'செ' என்ற எழுத்து பெடல் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.